நாள் தெரிஞ்ச காசு

16.10.2024, புதன்

விடிய ஆறு மணிக்கே அம்மப்பா படலையடியில் நிற்கிறார்.

"பிள்ளை, காசு விழுந்திட்டுதே?"

அவருடைய வங்கிக் கணக்குக்கு என்னுடைய போன் நம்பர்தான் கொடுத்திருக்கிறோம். மெசேஜ் வந்திருந்தது. அரசாங்க நிவாரணமான அஸ்வெசும 8,500, முதியோர் கொடுப்பனவு 3,000. 2023 ஆடியில் பழைய சமுர்த்தி நிவாரணத்தின் இடத்துக்கு அஸ்வெசும வந்துவிட்டது, ஆனால் அம்மப்பாவின் வாயில் இன்றைக்கும் எல்லாம் சமுர்த்திதான்.

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் பஸ் பிடித்துப் புதுக்குடியிருப்புக்குப் போனோம். வங்கியில் சனம். பெருவிரல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனாலும் தன் பெயரைத் தானே எழுதுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் ஒரு பக்கம் கோணும். பின்னுக்கு நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் அசையவில்லை. காசை இரண்டு தரம் எண்ணி, ஐந்நூறு தாள்களாக மாற்றுவித்து, ஷொப்பிங் பையில் சுற்றிச் சாரத்து மடியில் சொருகினார்.

வரும் வழியில் பஸ்ஸுக்குள் கணக்குச் சொன்னார். "அகதி முகாமிலை இருந்து வந்த கையோடை 25,000 தந்தவங்கள். தகரமும் மண்வெட்டியும் வாங்கினன். பிறகு வீட்டுத்திட்டக் காசு, அஞ்சரை லட்சம். அத்திவாரத்துக்கு ஒருக்கா, சுவருக்கு ஒருக்கா, கூரைக்கு ஒருக்கா. வீடு முடியேக்கை கொம்மான்ரை சங்கிலி அடைவிலை."

"அப்ப இது?"

"இது சின்னக் காசு. ஆனா நாள் தெரிஞ்ச காசு."

நாள் தெரியுமென்றால் ஏன் மூன்று நாளாகப் படலையடியில் நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

27.10.2024, ஞாயிறு

மாரிமழையை நம்பிச் செய்யிற காலபோக நெல் விதைப்பு முடிந்தது. இரண்டு ஏக்கர். ஒன்றரையில் ஆட்டக்காரி, அரை ஏக்கரில் வீட்டுச் சோற்றுக்கு மொட்டைக்கறுப்பன். விதை நெல் கைக்காசுக்கு வாங்கினது. மூன்று மாதமாகப் பால்மா ரின்னுக்குள் சேர்த்த காசு.

இந்த முறை உரமானியம் ஹெக்டயருக்கு 25,000 என்று அறிவித்திருக்கிறார்கள். போன காலபோகத்துக்கு 15,000. இரண்டு தவணையாகக் கணக்குக்கு வரும். அம்மப்பாவுக்கு ஹெக்டயர் விளங்காது. ஏக்கராக்கிச் சொன்னதும், "அப்ப ரெண்டு ஏக்கருக்கு இருவதோ?" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

28.11.2024, வியாழன்

மழை விடவே இல்லை. கரண்ட் போய் இரண்டு நாள். இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்துவிட்டார்களாம். எங்கள் சின்னக்குளமும் வான் பாய்கிறது. பின்னேரம் அம்மப்பாவோடு வரம்புக்குப் போனேன். வரம்பைக் காணவில்லை. பள்ளத்து அரை ஏக்கர் ஆட்டக்காரி முழுக்கத் தண்ணீருக்குள். மொட்டைக்கறுப்பன் உயர்ந்த பயிர், அதன் தலைப்பு மட்டும் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. குடையை என் பக்கம் சரித்துப் பிடித்தபடி நின்றார்.

06.12.2024, வெள்ளி

தண்ணீர் வற்றிவிட்டது. பள்ளத்து ஆட்டக்காரி அழுகி நாறுகிறது. இந்தப் புயலுக்கு ஃபெங்கல் என்று பெயராம். நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 வரைக்கும் இழப்பீடு கொடுப்பார்களென்று செய்தி. கமக்காரர் எல்லாரும் படிவத்தோடு நிற்கிறார்கள். அம்மப்பாவும் நிரப்பிக் கொடுத்தார். ஆனால் அவர் காசு வரும்வரை காத்திருக்கவில்லை. இந்தக் கிழமைக்குள் மூன்று மாத நெல் விதைக்காவிட்டால் பிறகு குளத்துத் தண்ணீர் காணாது.

கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதைக் கொஞ்சம் விரித்து எழுதவேண்டும்.

ஊரில் ஒவ்வொரு போகமும் நடப்பது இதுதான். விதை நெல், பசளை, எண்ணெய் எல்லாம் கடையில் கடன் கொப்பிக்கு எடுப்போம். அறுவடை அன்று கடைக்காரர் லொறியோடு வயலுக்கே வருவார். ஈர நெல்லை நிறுத்துக் கடனில் கழிப்பார். அன்றைய விலை அவர் வாயில். வட்டி என்று ஒரு சொல்லும் சொல்லமாட்டார், எல்லாம் அந்த விலைக்குள் இருக்கும். கூடாத மனிசன் என்று சொல்லமாட்டேன், செத்தவீட்டுக்கு முதல் ஆளாய் வந்து நிற்பார்.

அம்மப்பா மடியை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்தார். கடைக்காரர் அதைத் தொடவில்லை.

"என்னய்யா, காசுக்கு என்ன அவசரம்? வெள்ளத்திலை நொந்து போயிருக்கிறியள். கொப்பியிலை போடுறன், பிறகு தாங்கோவன்."

"இல்லைத் தம்பி, எண்ணி எடும்."

"வெட்டினாப் பிறகு பாப்பமே."

"வெட்டினாப் பிறகு வேறை வேலை இருக்கு. எண்ணி எடும்."

கையில் காசு நீட்டினால் முகம் வாடுகிற கடைக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மிச்சமாக 340 ரூபா தந்தார். அம்மப்பா அதில் வெற்றிலை வாங்கவுமில்லை.

14.01.2025, செவ்வாய்

பொங்கல். புது நெல் இன்னும் இல்லை, கடைப் பச்சையரிசிதான். தை மாதத்திலிருந்து அஸ்வெசுமவில் அம்மப்பாவின் பிரிவுக்கு 8,500 போய் 10,000 ஆகிறது. அவரிடம் சொன்னேன். "கூட்டினா சீனியும் கூடும்" என்றுவிட்டு அடுப்புக்கு விறகு தள்ளினார்.

09.02.2025, ஞாயிறு

மேட்டு வயல் வெட்டியாயிற்று. ஆட்டக்காரி 18 மூட்டை, மொட்டைக்கறுப்பன் 5. லொறி வந்தது. கிலோ 95 என்றார்கள்.

போன புதன்தான் அரசாங்கம் நெல்லுக்குக் கிலோ விலை அறிவித்தது: நாடு நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. ஆனால் அந்த விலைக்கு ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். மெசினால் வெட்டின நெல் அன்றைக்கே அப்படிக் காயாது. காய வைக்க வெயிலும் தார் றோட்டும் வேண்டும், அதுவரைக்கும் அடுப்பெரியக் காசும் வேண்டும். எங்கள் சனம் 95க்குக் கொடுப்பது விலை தெரியாமல் இல்லை.

அம்மப்பா மெசின் கூலிக்கு 6 மூட்டையைக் கொடுத்தார். மிச்சம் 12ஐ வீட்டு விறாந்தையில் அடுக்குவித்தார். மாசிக் காசு அவர் கையில் இருக்கிறது, கொப்பியில் அவர் பெயர் இல்லை.

அம்மாவுக்குப் பயம். "யானைக்குப் படையல் வைச்சிருக்கிறியளே அப்பா?"

26.02.2025, புதன்

சிவராத்திரி. ஊர் முழுக்கத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில். அம்மப்பா வரவில்லை. "நான் இஞ்சை முழிக்கிறன், அவர் அங்கை முழிக்கட்டும்" என்று ரோச்சும் யானை வெடியும் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார்.

மூன்றாம் சாமத்தில் வெடிச் சத்தம் கோயில்வரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வேலி சரிந்து கிடக்கிறது, ஒன்பது வாழை முறிந்து கிடக்கின்றன. ஒன்று குலையோடு. நெல் மூட்டைகளுக்கு முன்னால் அம்மப்பா. கை நடுங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், பாதி சாரத்தில் சிந்தியது.

76 வயது. காசு கையில் இருந்ததால் நெல் வீட்டில் இருந்தது. நெல் வீட்டில் இருந்ததால் யானை வந்தது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

22.03.2025, சனி

12 மூட்டையும் போயிற்று. கிலோ 118. மூட்டைக்கு 65 கிலோ, கிலோவுக்கு 23 ரூபா கூட. ஆக 17,940 ரூபா மேலதிகம். நான் போனில் பெருக்கிக் காட்ட முந்தி அவர் விரல் மடித்துச் சொல்லிவிட்டார். வாழையைக் கழிக்கவேண்டும் என்றேன். "வாழை திருப்பிக் குட்டி போடும்" என்றார்.

பள்ளத்து மூன்று மாத நெல் குடலைப் பருவம் தாண்டிக் கதிர் சாய்ந்து நிற்கிறது. இழப்பீட்டுக் காசு பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

14.04.2025, திங்கள்

விசுவாவசு வருடம் பிறந்தது. மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய் வந்தோம். எனக்கு நினைவு தெரிந்து அம்மப்பா கைவிசேஷம் தந்ததில்லை. இம்முறை சாய்மனைக் கதிரையில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வெற்றிலைக்குள் நெல், பூ, புதுத் தாள். பங்குனிக் காசு எடுக்கும்போதே புதுத் தாளாகத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு நூறு, நூறு. எனக்கு ஐந்நூறு. அம்மாவுக்கு ஆயிரம். அம்மா வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனவ, கனநேரம் வெளியில் வரவில்லை.

சித்திரையிலிருந்து முதியோர் கொடுப்பனவு 5,000. மொத்தம் 15,000 வரும், இன்னும் விழவில்லை.

பின்னேரம் படலையடியில் செருமல் சத்தம்.

"பிள்ளை, வெத்திலைக்கு ஒரு நூறு ரூபா இருக்கே? எல்லாத்தையும் குடுத்திட்டன்."

"வருசத்தண்டு காசை வெளியிலை விடக்கூடாதெண்டு காலமை நீங்கள்தானே சொன்னீங்கள்?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாளைக்கு வாறன்."