மோதலுக்குப் பின் காரை ஏற்றிச் செல்லும்போது

கத்திப்பாரா அருகே வேன் ஒன்று மோதியதில் எங்கள் காரின் முன்சக்கரம் உள்வாங்கி, ரேடியேட்டரின் பச்சை நீர் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. கொக்கி மாட்டி இழுக்க வந்தவரை மறுத்துவிட்டு, காரை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரிக்காகக் காத்திருந்தோம். முன்சக்கரங்களால் இயங்கும் ஆட்டோமேட்டிக் காரை, எஞ்சின் ஓடாத நிலையில் அச்சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால், கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாமல் சூடேறி, மோதலில் தப்பிய பாகமும் பழுதாகிவிடும். இதை ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏற்றுவதற்கு முன்பே நான்கு புறமும் படம் எடுத்துவிடுங்கள். வழக்கமான முழுக் காப்பீட்டில் இழுவைச் செலவுக்கான வரம்பு 1,500 ரூபாய்தான் என்பதால், சாலையோர உதவிக்கான கூடுதல் பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-ஐ அழைக்கலாம்.