காளி கண்டகி: பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்

நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றங்கரை ஊரான ஜோம்சோமில் காலை பதினொரு மணிக்கு மேல் ஆற்றுப் படுகையில் நடக்கலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். பத்து மணி வாக்கில் லேசாகத் தொடங்கும் காற்று, மதியத்தில் மணலை வாரி முகத்தில் அடிக்கும். வடக்கே முஸ்தாங் மாவட்டத்தின் வறண்ட மேட்டு நிலம் வெயிலில் சூடேறி, அங்குள்ள காற்று எழும்பிவிடும்; அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று ஓடி வரும். அது வருவதற்கு இருக்கும் வழியோ ஒரு குறுகிய மலையிடுக்கு. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, அந்த உச்சிகளுக்கு ஐந்தரை கிலோமீட்டர் கீழே ஆறு. புனலுக்குள் ஊதின மாதிரிதான். இரவில்தான் அடங்கும்.

இதனால்தான் தெற்கே உள்ள பொக்கரா நகரத்திலிருந்து ஜோம்சோமுக்குப் போகும் விமானங்கள் காலையில் மட்டும் பறக்கின்றன. இருபது நிமிடப் பயணம். ஆனால் மேகம் ஒரு மணி நேரம் கலையாமல் நின்றால் அன்றைய கதை முடிந்தது. மறுநாள் விமானத்தில் மறுநாள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு நாளாவது சும்மா விட்டு வையுங்கள்.

பணம் மிச்சம் பிடிக்க பொக்கராவிலிருந்து பஸ் என்றால், வழியில் வரும் பேனி வரை பரவாயில்லை. அதற்கு மேல் காசா என்ற ஊர் வரையிலான பகுதி உயிரை எடுக்கும். கடைசி வரிசை ஸீட் கிடைத்தால் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள், பின் சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்து அந்தக் குழிகளைத் தாண்டினால் தலை கூரையில் இடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு வேடிக்கை: முஸ்தாங் மழை மறைவுப் பகுதி, மேலே நன்றாகக் காய்ந்து கிடக்கும். கீழே தாத்தோபானி பக்கம் மண் சரிந்து ரோடு மூடிக் கிடக்கும். அக்டோபர், நவம்பர்தான் சரியான காலம்.

ஷேர் ஜீப் பேசும்போது முதல் கேள்வி "எவ்வளவு?" அல்ல, "என்சியா, ஐசியா?" என்பதுதான். என்சி என்றால் நேபாள ரூபாய், ஐசி என்றால் நம் ரூபாய். 1993 முதல் விகிதம் மாறவில்லை: நம் 100க்கு அவர்களுடைய 160. டிரைவர் "ஐயாயிரம்" என்று மொட்டையாகச் சொல்வார். என்சி என்றால் நமக்கு 3,125 ரூபாய். இறங்கும்போது "ஐசி" என்று கை நீட்டினால் 1,875 ரூபாய் போச்சு. ஏறுவதற்கு முன்பே போன் கால்குலேட்டரில் தொகையைத் தட்டி, என்சி என்று சொல்லிக் காட்டிவிடுங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு, இந்தியர்கள் உட்பட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 என்சி. அதை பொக்கராவிலேயே வாங்கிவிடுவது நல்லது.

ஜோம்சோமுக்கு மேலே இருக்கும் முக்திநாத் கோயில் நம்மவர்களுக்குத் திருச்சாளக்கிராமம், திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். அதனால் தமிழ் யாத்திரைக் குழுக்கள் வந்தபடியே இருக்கின்றன. அவர்கள் செய்கிற தப்பும் ஒன்றேதான். சுமார் 820 மீட்டரில் இருக்கும் பொக்கராவிலிருந்து ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு ஏறி, தலைவலியும் வாந்தியுமாக கோயிலின் 108 நீர்த்தாரைகளின் ஐஸ் தண்ணீரில் தலையைக் கொடுப்பது. வயதானவர்கள் கூட வந்தால் மார்பாவிலோ ஜோம்சோமிலோ, 2,700 மீட்டர் அளவில், ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் ஒரே வைத்தியம் கீழே இறங்குவதுதான்.

சாளக்கிராமம் தேடுபவர்கள் ஜோம்சோமிலிருந்து காக்பேனி வரை படுகை ஓரமாக நடக்கலாம். பத்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம், காலை ஆறரைக்குக் கிளம்பினால் காற்றுக்கு முன் சேர்ந்துவிடலாம். கருப்பாக, உருண்டையாக, கைக்குக் கனமாக இருக்கும் கல்லைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. இமயமலை எழுவதற்கு முன் அங்கே கிடந்த டெதிஸ் கடலில் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே வாழும் தகாலி மக்களின் தால்–பாத் (பருப்பும் சோறும்) சாப்பிடாமல் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு வருவது பாவம்! வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த ஜிம்பு என்ற காய்ந்த இலையை நெய்யில் கருக்கிப் பருப்பில் கொட்டுகிறார்கள். பெருங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் ஒரு மணம். திமூர் என்ற மிளகு மாதிரியான காயில், நாக்கு மரத்துப்போகிற ஊறுகாய். சோற்றுக்குப் பதில் டிண்டோ கேட்டால் நம் கேழ்வரகுக் களியின் தங்கை மாதிரி ஒன்று வரும். சோறும் பருப்பும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், காசு ஒரு தட்டுக்குத்தான். உயரம் ஏற ஏற விலையும் ஏறும் ஊரில், பட்ஜெட் ஆட்கள் பீட்ஸா, நூடுல்ஸ் பக்கம் திரும்பவே வேண்டாம்.

இதே காளி கண்டகி தெற்கே தேவ்காட் என்ற இடத்தில் திரிசூலி ஆற்றோடு கூடி நாராயணி ஆகி, சித்வான் தேசியப் பூங்காவைத் தொட்டு ஓடுகிறது. 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் இருந்த 752 காண்டாமிருகங்களில் 694 இங்கேதான். கட்டணம் சார்க் நாட்டவருக்கு ஒரு நாளுக்கு 1,000 என்சி, வரி தனி. தோணி ஒரு நாள், காட்டு நடை மறுநாள் என்று பிரித்து விற்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஒரு சீட்டு போதும். டிசம்பர், ஜனவரியில் காலைத் தோணியில் மூடுபனி தவிர ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களில் வெயில் ஏறியபின் போனால் கரியல் முதலைகள் மணல் திட்டில் காய்ந்துகொண்டிருக்கும். காண்டாமிருகம் பார்க்க, யானைப் புல் வெட்டி எரித்தபின் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாருங்கள்.

நடைக்கு இரண்டு வழிகாட்டிகள் விதிப்படி கட்டாயம், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஒருவரே போதும் என்று விலை குறைப்பவரோடு போக வேண்டாம். கரடி வந்தால் கூட்டமாக ஒட்டி நின்று கம்பால் தரையைத் தட்ட வேண்டும். காண்டாமிருகம் பாய்ந்தால் மரம் ஏற வேண்டும், மரம் இல்லையென்றால் வளைந்து வளைந்து ஓட வேண்டும். முக்திநாத்திலிருந்து நேராக வருகிறவர்கள் தயவுசெய்து வேட்டியை மாற்றிவிட்டு வாருங்கள்.