ஏலே நில்லுலே, வக்கீல் வரட்டும்

போன மாசம் வாழத்தோப்புல தண்ணி பாய்ச்சுற தகராறுல ஒருத்தன் அருவாளோட வந்துட்டான், எங்க சித்தப்பா மவன் மம்பட்டிக் கணைய வச்சு தடுத்ததுல வந்தவனுக்கு கை ஒடிஞ்சு போச்சு. இவன் என்னடான்னா நேரா ஸ்டேஷனுக்குப் போயி எல்லாத்தையும் கொட்டிட்டா சரியாயிரும்னு கெளம்பிட்டான், நாந்தான் "ஏலே நில்லுலே, வக்கீல் அண்ணாச்சி வரட்டும்"னு புடிச்சு நிறுத்துனேன்.

தற்காப்பு உரிமை சட்டத்துலயே இருக்கு, முன்ன ஐபிசில (இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவு 96லேருந்து 106, 2024 ஜூலை 1லேருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 34லேருந்து 44. ஆனா கோர்ட்டுல அது தற்காப்புதான்னு காட்டுற பொறுப்பு நம்ம தலையிலதான், தேவைக்கு மேல அடிச்சோமான்னும் பாப்பாவ. "கோவத்துல ரெண்டு போட்டேன் சார்"னு வாய் தவறி வந்துட்டா என்ன செய்ய? போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாதுதான், ஆனா விசாரிக்கவிய மனசுல அது ஒக்காந்துரும்லா. விசாரணைல அவிய எழுதுற வாக்குமூலத்துல கையெழுத்தும் போட வேண்டாம், இது நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

அதுக்காக ஓடி ஒளியவும் கூடாது, அது இன்னும் மோசம். அண்ணாச்சி வந்து பாத்த பொறவு, வெட்ட வந்தான், தடுத்தேன்னு சுருக்கமா புகார் குடுத்தோம், ஆஸ்பத்திரில இவன் தோள்பட்ட காயத்தயும் பதிவு பண்ணியாச்சு. வக்கீலுக்கு துட்டு இல்லன்னா 15100க்கு போன் போடுங்க, இலவச சட்ட உதவி நம்பர். அந்த வாழ மட்டும் தண்ணி இல்லாம இன்னும் காஞ்சிட்டுதான் கெடக்கு.