கால் புண்ணு ஆறணும்னா மொதல்ல அந்தக் காலை ஊனக்கூடாது

“சிஸ்டர், இதுக்கு எந்த ஆயின்மென்ட் நல்லாக் கேக்கும்?” மதுரையில டிரெஸ்ஸிங் ரூம்ல வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, சுகர் இருக்கவங்க உள்ளங்கால் புண்ணோட வந்து உக்காந்தா மொதக் கேள்வி இதுதான். கூட வந்த மகனோ மருமகளோ ஒரு கேரி பேக்ல இதுவரைக்கும் போட்ட ட்யூப் எல்லாத்தையும் கொண்டு வந்திருப்பாங்க, பாதி பிதுக்குனது, மூடி தொலஞ்சது, பக்கத்து வீட்டு அக்கா குடுத்ததுன்னு. நான் அதை ஒதுக்கி வச்சுட்டு, போட்டுட்டு வந்த செருப்பைக் காட்டுங்கன்னு கேப்பேன். சில பேருக்குக் கோவம் வரும், புண்ணைப் பாருன்னா செருப்பைப் பாக்குதே இந்தப் பொண்ணுன்னு. ஆனா அந்தச் செருப்புல புண்ணுக்கு நேர் கீழ அமுங்கிப் பள்ளமாகிக் கெடக்குற இடம் ஒண்ணு இருக்கும். அதுல விரலை வச்சுக் காட்டுனா நிறைய பேருக்கு அங்கயே விளங்கிரும்.

சுகர் பல வருஷம் ஏறியே இருந்தா கால் நரம்பு கெட்டுப் போகுது. மொதல்ல எரிச்சல், ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு. அப்புறம் மதமதப்பு, பஞ்சு மேல நடக்குறாப்ல இருக்குன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியாது. எரிச்சல் நின்னு போச்சு சிஸ்டர், சரியாயிருச்சுன்னு சந்தோஷமா வந்து சொல்றவங்க இருக்காங்க, எனக்கு வயித்தைக் கலக்கும் அதைக் கேக்கும்போது. நமக்கெல்லாம் ஒரு இடத்துல அழுத்தம் விழுந்துக்கிட்டே இருந்தா நம்மளை அறியாமலே காலை மாத்தி ஊனுவோம், லேசா நொண்டுவோம், செருப்பைக் கழட்டிக் கல்லு இருக்கான்னு உதறுவோம். உணர்ச்சி போன கால் நொண்டாது. கட்டை விரலுக்குக் கீழ இருக்குற எலும்பு முட்டு அதே தோலை நாள் முழுக்க, ஒவ்வொரு அடிக்கும் அழுத்திக்கிட்டே இருக்கும், தோல் தடிச்சுக் காய்ப்புக் காய்க்கும், அந்தக் காய்ப்பே உள்ள இருக்குற சதையை நசுக்கும், அடியில ரத்தம் கட்டும், ஒரு நாள் பொளந்துக்கிட்டு வெளிய வரும். வீட்டுல பாத்தா “திடீர்னு வந்துருச்சு” அப்படிம்பாங்க.

நம்ம ஊர்ல இதுக்குன்னே சில வழி இருக்கு. சித்திரை வெயில்ல கோயில் பிரகாரத்துக் கல்லுல செருப்பில்லாம சுத்துறது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்கால்ல நடக்குறது, பௌர்ணமிக்கு திருப்பரங்குன்றம் கிரிவலம். சாமி கும்புடுறதை வேணாம்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன், நானும் கும்புடுறவதான், ஆனா கால் மரத்தவங்க சூடு ஏறுறதுக்கு முன்னாடி காலையில வெள்ளனப் போங்க, பாதயாத்திரையை வீட்டுல வேற யாராச்சும் உங்களுக்காக நடக்கட்டும். அப்புறம் கால் ஆணிக்கு மெடிக்கல்ல விக்கிற பிளாஸ்டர், அதுல இருக்குற சாலிசிலிக் ஆசிட் நல்ல தோலையும் சேத்து அரிச்சிரும், சுகர்காரங்க தொடவே கூடாது. வீட்டுல நீங்களே பிளேடால காய்ப்பைச் சீவுறதும் அப்படித்தான். கால் வலிக்கு உப்புப் போட்ட வெந்நில காலை வைக்கிறது, கொப்புளம் வந்த பொறவுதான் சூடுன்னே தெரியும். பொம்பளைங்களுக்கு மெட்டி, கால் வீங்குனதும் இறுக்கி விரலைச் சுத்திப் புண்ணாக்கும், அதைக் கழட்டச் சொன்னா அபசகுனம்னு அழுவாங்க. புருஷனையே பக்கத்துல உக்கார வச்சுப் பேசித்தான் கழட்ட வைக்க வேண்டியிருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். காலை ஊனாம இருந்தாத்தான் உள்ளங்கால் புண்ணு ஆறும்ங்கிறது நம்ம தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில கத்துக்கிட்ட பாடம், இது நிறைய டிரெஸ்ஸிங் ரூம்லயே யாருக்கும் தெரியாது. டாக்டர் பால் பிராண்ட் 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தாரு. தொழுநோயாளிங்களுக்கு விரலும் பாதமும் நோயினாலயே அழுகி விழுகுதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்த காலம் அது. அவரு பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துச் சொன்னாரு, சதை நல்லாத்தான் இருக்கு, வலி தெரியாததால அந்தக் காலை அவங்களே நடந்து நடந்து கெடுத்துக்குறாங்க, அழுத்தத்தை எடுத்துட்டா மத்தவங்களுக்கு ஆறுற மாதிரியே இவங்களுக்கும் ஆறும்னு. பாதத்தோட ஒட்டுனாப்ல மாவுக்கட்டு போட்டு, எடை ஒரே இடத்துல விழாம கால் முழுக்கப் பரவ விட்டாங்க. இன்னைக்கு நம்ம கடையில விக்கிற எம்.சி.ஆர் செருப்பு இருக்குல்ல, அந்த மெத்து மெத்துன்னு இருக்குற மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதுவும் தொழுநோயாளிங்க காலுக்காக வந்ததுதான். 1960கள்ல பிராண்ட் அமெரிக்காவுல கார்வில்ங்கிற இடத்துல இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாரு, அங்க இருந்துதான் இந்த மாவுக்கட்டு வைத்தியம் சுகர் புண்ணுக்கும் பரவுச்சு.

அதுக்கப்புறம் ஒழுங்கா ஆராய்ச்சியும் பண்ணிட்டாங்க. 2001ல ஆம்ஸ்ட்ராங்னு ஒரு டாக்டரும் அவரு கூட இருந்தவங்களும் உள்ளங்கால் புண்ணு உள்ளவங்களை மூணு குரூப்பாப் பிரிச்சாங்க. மாவுக்கட்டு போட்டவங்கள்ல 12 வாரத்துல 89.5 சதவீதம் பேருக்குப் புண்ணு மூடிருச்சு, கழட்டி மாட்டுற பூட்ஸ் குடுத்தவங்கள்ல 65 சதவீதம், முன்பாதத்துல எடை விழாத பாதிச் செருப்பு குடுத்தவங்கள்ல 58.3 சதவீதம். பூட்ஸும் அழுத்தத்தை நல்லாவே கொறைக்கக் கூடியதுதான், அப்ப ஏன் இவ்வளவு வித்தியாசம்? 2003ல அதே ஆம்ஸ்ட்ராங் குழு இடுப்புல ஒண்ணும் பூட்ஸுக்குள்ள ஒண்ணும் அடி எண்ணுற கருவியை வச்சுப் பாத்தாங்க. ஒரு நாளைக்கு நடக்குற நடையில 28 சதவீதம்தான் பூட்ஸ் போட்டுக்கிட்டு நடந்திருக்காங்க. மீதியெல்லாம் வீட்டுக்குள்ள, பாத்ரூமுக்கு, அடுப்படிக்கு, சும்மா ரெண்டு எட்டுதானேன்னு கழட்டி வச்சுட்டு நடந்தது. அப்புறம் 2005ல அந்தக் கழட்டுற பூட்ஸ் மேலயே ஒரு சுத்து கட்டு சுத்திக் கழட்ட முடியாம பண்ணிப் பாத்தாங்க, மாவுக்கட்டுக்குச் சமமா ஆறுச்சு. கால் புண்ணுக்குன்னே இருக்குற சர்வதேசக் குழு 2023ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் முன்காலுக்கடியில வர்ற இந்த மாதிரிப் புண்ணுக்கு மொத இடம் முழங்கால் வரைக்கும் வர்ற, கழட்ட முடியாத கட்டுக்குத்தான். ரத்த ஓட்டம் கம்மியா இருந்தாலோ சீழ் வச்சிருந்தாலோ மட்டும் அந்தப் பிரச்சனையை மொதல்ல பாக்கணும், உள்ள சீழை வச்சு மூடிக் கட்டுப் போட்டுறக் கூடாது.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் நம்ம பக்கம் நடக்கலைன்னா, அது சாப்பாட்டுப் பிரச்சனை. மாட்டுத்தாவணிப் பக்கம் மூட்டை தூக்குற ஒரு அண்ணன் வந்தாரு, சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம். சுண்டு விரலுக்குக் கீழ ஒரு ரூபாக் காசு அளவு புண்ணு, மாசக்கணக்கா தினமும் எங்கயோ டிரெஸ்ஸிங் பண்ணிக்கிட்டே வேலைக்கும் போயிருக்காரு. காலை ஊனாதீங்கண்ணேன்னு சொன்னேன். “நான் ஊனலைன்னா என் வீட்டுல உலை வைக்க முடியாது தாயி, நீங்க பாட்டுக்குச் சொல்லிப்புட்டீக” அப்படின்னாரு. அதுக்கு என்னத்த பதில் சொல்ல. சம்சாரத்தை வரச் சொல்லி, அவரு தம்பியையும் வரச் சொல்லி, டாக்டர் உக்காந்து பேசுனாரு, இப்ப கொஞ்ச வாரம் உக்காந்தா கால் மிஞ்சும், இல்லைன்னா விரல்ல ஆரம்பிச்சு எது வரைக்கும் எடுக்க வேண்டி வரும்னு சொல்ல முடியாதுன்னு. தெரிஞ்ச கடையில சிட்டை எழுதுற வேலை தம்பி ஏற்பாடு பண்ணாரு, உக்காந்து பாக்குற வேலை. கழட்ட முடியாத கட்டு போட்டோம். வாரா வாரம் பிரிச்சுப் பாத்து மறுபடி போட்டோம். போட்ட மருந்து ரொம்பச் சாதாரணம், சலைன்ல கழுவி, காய்ப்பைச் சீவி, ஈரம் காக்குற ஒரு டிரெஸ்ஸிங், அவ்வளவுதான். மூடிருச்சு. மருந்து கம்பெனிக்காரங்க கொண்டு வந்து காட்டுற எந்த விலை ஒசந்த பொருளும் அதுல இல்லை. அந்தத் தம்பி புடிச்சுக் குடுத்த வேலையைத்தான் நான் மருந்துன்னு எழுதுவேன்.

டிரெஸ்ஸிங் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா “காத்தாட விடுங்க, காஞ்சாத்தான் ஆறும்”னு சொல்லாத அப்பத்தாவே கிடையாது. 1962லயே ஜார்ஜ் வின்டர்ங்கிறவரு பன்னிங்க தோல்ல சின்னச் சின்னக் காயம் பண்ணி, பாதியைக் காத்துல விட்டு, பாதியை பாலித்தீன் படலத்தால மூடிப் பாத்தாரு. மூடுன காயத்துல புதுத்தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா பரவுச்சு. காஞ்சு பொறுக்குத் தட்டுனா புதுத்தோல் அதுக்கடியில வழி தேடி ஊர வேண்டியிருக்கு, ஈரமா இருந்தா நேரா நகந்து போகும். அதே மாதிரி ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி நுரை பொங்குறதைப் பாத்து அழுக்கெல்லாம் போகுதுன்னு திருப்திப்படுவாங்க, அது புதுசா வர்ற செல்லையும் சேத்துக் கொல்லுது, தினமும் ஊத்தாதீங்க. தேன், வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் இதெல்லாம் சுகர் கால் புண்ணை ஆத்துறதுக்காகன்னு போட வேணாம்னு அந்த 2023 வழிகாட்டுதல்லயே இருக்கு, ஆதாரம் பத்தலைங்குறாங்க. நல்ல ஆதாரத்தோட வந்தது கொஞ்சம்தான். சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் டிரெஸ்ஸிங்னு ஒண்ணு, 2018ல வந்த ஆராய்ச்சியில 20 வாரத்துல 48 சதவீதம் மூடுச்சு, அது இல்லாத சாதா டிரெஸ்ஸிங்ல 30 சதவீதம். ஆனா அதையும் நரம்பு, ரத்த ஓட்டம் ரெண்டும் பாதிச்ச, சீழ் இல்லாத புண்ணுக்கு, காலை ஊனாம வச்சும் ஆறாதப்பதான் யோசிக்கச் சொல்றாங்க.

தீக்காயத்துல மட்டும் நம்ம ஊர்ப் பொருள் ஒண்ணு ரொம்ப நல்லா நின்னிருக்கு, வாழை இலை. மும்பையில டாக்டர் மாதுரி கோரேயும் அவங்க கூட இருந்தவங்களும் சுத்தம் பண்ணுன வாழை இலையைத் தீக்காயத்து மேல வச்சுக் கட்டி ஆராய்ச்சி பண்ணாங்க, ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது, விலையும் ரொம்பக் கம்மி. இலைக்குப் பஞ்சமே இல்லாத ஊர் நம்மளது. ஆனா அது ஆஸ்பத்திரியில கிருமி நீக்கிப் போடுறது, வீட்டுல சாப்பாட்டு இலையை வச்சுக் கட்டிராதீங்க. வீட்டுல பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுறது. பேஸ்ட், காப்பித்தூள், இங்க், மஞ்சள் எதுவும் வேணாம்.

புண்ணு ஆறுதா இல்லையான்னு வீட்டுல இருக்கவங்களே கண்டுபிடிக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போன்ல போட்டோ எடுங்க. 4 வாரத்துல பாதி அளவுக்குச் சுருங்குனா 12 வாரத்துல மூட நல்ல வாய்ப்பு இருக்கு, இதுவும் 2003ல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதுதான். பாதி கூடச் சுருங்கலைன்னா அதே டிரெஸ்ஸிங்கை இன்னும் ரெண்டு மாசம் தொடராதீங்க, டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க, ரத்த ஓட்டம் பாத்தீங்களா, ரத்தக் குழாயைப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுக்கணுமா, எலும்புக்குப் போயிருக்கான்னு. காய்ச்சல், கால் செவந்து மேல ஏறுறது, நாத்தம், விரல் கறுக்குறது இதுல எது வந்தாலும் அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ஆறுனதும் முடிஞ்சிருச்சுன்னு இருக்க முடியாது. மூடுன புண்ணுல 40 சதவீதம் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வருது, 5 வருஷத்துல 65 சதவீதம். நம்ம மூட்டை தூக்குற அண்ணனுக்கும் வந்துச்சு, பழைய செருப்புக்கே போயிட்டாரு, இப்ப எம்.சி.ஆர்ல அளவெடுத்துத் தச்சது போடுறாரு. கொரோனா சமயத்துல வாங்குன அந்த நெத்தி தெர்மாமீட்டர் வீட்டுல சும்மாதான் கெடக்கும். தோலோட மேல்சூடு எவ்வளவுன்னு காட்டுற வசதி அதுல இருந்தா தினமும் ரெண்டு பாதத்துலயும் ஒரே இடத்தைப் பாருங்க. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை விட 4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 2.2 செல்சியஸ் கூட இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தா அங்க உள்ள வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், நடையைக் கொறைச்சுட்டு வந்து காட்டுங்க. சூட்டை அளந்துட்டு நடையைக் கொறைக்கலைன்னா பிரயோஜனம் இல்லை, பின்னாடி வந்த ஆராய்ச்சியில அதுதான் தெரிஞ்சது.

2023ல வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப்படி நாட்டுல 10.1 கோடிப் பேருக்கு சுகர் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு தேடி மாத்திரை வருது, பாதம் பாதுகாப்போம்னு காலுக்குன்னே அரசுத் திட்டமும் வந்திருக்கு, ரெண்டுமே எனக்கு மனசுக்கு நெறைவா இருக்கு. மாத்திரை வாங்குற இடத்துல, 10 கிராம் அழுத்தத்துல வளையுற நைலான் நூலை வச்சு உள்ளங்கால்ல தொட்டுப் பாக்கச் சொல்லிக் கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலை, தெரியலைன்னா உங்க கால் மரத்திருக்கு. எனக்கு இன்னும் ஒண்ணு வேணும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம்னு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூம்லயும் இந்தக் கட்டைப் போடத் தெரிஞ்ச ஒரு நர்ஸ் இருக்கணும். மாவுக்கட்டு ரோல் எலும்பு வார்டுல ஏற்கனவே இருக்கு, கத்துக் குடுக்க ஆளும் இருக்காங்க. கத்துக்கணும்னு நெனைக்கிற நர்ஸுங்க கமென்ட்ல எழுதுங்க, எங்க டாக்டர்கிட்ட பேசி ஒரு ஞாயித்துக்கிழமை ஏற்பாடு பண்ணுறேன்.