தாத்தா பொம்மை

அப்பா இறந்துபோனதிலிருந்து என் ஐந்து வயது மகள் தாத்தாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. விளையாட்டு சிகிச்சைக்குக் கூட்டிப்போனேன். பொம்மை வைத்து விளையாட இவ்வளவு ஃபீஸா என்று எரிச்சல்தான் வந்தது. அங்கே ஒரு மணல் தட்டு, அலமாரி நிறைய குட்டி பொம்மைகள். சிகிச்சையாளர் எதையும் கிளறிக் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்வதை மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு கிழவர் பொம்மையை மணலில் புதைத்தாள், தோண்டி எடுத்தாள், திரும்பவும் புதைத்தாள்.

1929 வாக்கில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் தொடங்கியதாம் இந்த மணல் தட்டு முறை. அந்த மணல் தட்டுக்கு 'உலகம்' என்று பேர் வைத்ததே குழந்தைகள்தான்.

சரி, அன்று ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள்: "அம்மா, தாத்தாவுக்கு அங்க இருட்டா இருக்குமா?"