மைனஸ் முப்பதில் மண்ணெண்ணெய்

கனடாவின் முதல் குளிர் எல்லாரையும் ஒரு முறையாவது அழவைக்கும். ட்ரக் ஓட வந்த எங்கள் ஆட்களை அது பெரும்பாலும் யார்டில் வைத்துத்தான் பிடிக்கிறது. பிரம்ரனிலோ மிசிசாகாவிலோ ஒரு சரளைக்கல் யார்ட். விடிய நாலரை மணி, மைனஸ் 28. சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாம் தரத்துக்குப் பிறகு கை தானாகக் கதவுப் பொக்கற்றைத் துழாவும். அங்கே இருக்கவே முடியாத ஒன்றை அது தேடுகிறது: மூடியில் துளை போட்ட சின்னப் பெற்றோல் போத்தல்.

தொண்ணூறுகளை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் தங்கம், கார் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். "இப்ப குளிர் பழகிப்போச்சு" என்று கோப்பியைக் குடித்துக்கொண்டு சொல்கிற பத்து வருசப் பழசுகளின் கைகூட அந்தப் போத்தலை மறக்கவில்லை.

ஆபத்தும் அங்கேதான். அந்தப் போத்தலின் மச்சான் இங்கே கடை அலுமாரியில் நிற்கிறான்: ஈதர் ஸ்பிறே. காற்றுக் குழாய்க்குள் ஒரு அடி அடித்தால் போதும் என்று மனம் சொல்லும். காற்றுப் பாதையில் கிறிட் ஹீற்றர் உள்ள எஞ்சினுக்கும், சிலிண்டருக்குள் குளோ பிளக் உள்ள எஞ்சினுக்கும் ஈதர் காட்டவே கூடாது. கமின்ஸ் 6.7 எஞ்சினில் கிறிட் ஹீற்றர், ஸ்பிரின்ரர் வானில் குளோ பிளக். செந்தணலாய் நிற்கிற கம்பியில் ஈதர் பட்டால் காற்றுக் குழாயே வெடிக்கும். ஹீற்றர் இல்லாத பெரிய எஞ்சினிலும் பிஸ்ரன் மேலே வருமுன் ஈதர் பற்றி, றிங்கை உடைக்கும். ஊரில் பெற்றோல் சொட்டு பழுதில்லாத எஞ்சினுக்குப் போட்ட தூண்டல். இங்கே ஈதர், பழுதை மறைக்கப் போடுகிற போர்வை.

யார்டில் நின்று அடிக்கிற ரெலிபோன் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணை, ட்ரக் ஸ்ராட் எடுக்குதில்லை."

"எப்பிடிச் சுத்துது? வழமை மாதிரியோ, இழுத்து இழுத்தோ?"

"வழமை மாதிரித்தான்."

"புகைக்குழாயில என்ன வருது?"

"ஒண்டுமில்லை."

"அப்ப பற்றறியை விடு. டீசல் போகேல்லை."

இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைக்குமுன் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம்.

இழுத்து இழுத்துச் சுற்றினால் மின்சாரம். பெரும்பாலான பெரிய ட்ரக்குகளில் நான்கு 12 வோல்ற் பற்றறிகள் சமாந்தர இணைப்பில் இருக்கும். இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ற் நல்லது, 12.4 முக்கால், 12.0 என்றால் நம்ப முடியாது. மைனஸ் 18-இல் நல்ல பற்றறியே தன் பலத்தில் பாதியை, சிலவேளை அதற்கு மேலும் இழந்துவிடும். ஸ்ராட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றறிகளைத் தனித்தனியாகக் கழற்றிச் சோதியுங்கள்; நான்கில் ஒன்று செத்தால் மற்ற மூன்றையும் அது குடித்துவிடும். பற்றறி சரி, சுற்றல் மட்டும் மந்தம் என்றால் மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் பொசிற்றிவ் முனையிலும் மற்றதை ஸ்ராட்டர் போல்ற்றிலும் வைத்துச் சுற்றுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வயரிலோ முனையிலோ துரு. நெகற்றிவ் பக்கமும் அதே கணக்கு. முற்றாக இறங்கிய பற்றறி மைனஸ் 7 அளவிலேயே உள்ளே உறைந்துவிடும். பக்கம் வீங்கியிருந்தால் பூஸ்ற் கொடுக்காதீர்கள், வெடிக்கும்.

எஞ்சினை இரவில் சூடாக வைக்கிற புளொக் ஹீற்றரைச் செருகிவிட்டுப் படுத்தேன் என்பார்கள். செருகியது உண்மை, சுட்டதா? பிளக்கின் இரு தகடுகளுக்கிடையே ஓம் பாருங்கள். 120 வோல்ற்றில் 1500 வாற் ஹீற்றர் 10 ஓமுக்குச் சற்றுக் கீழே, 1000 வாற் என்றால் 14 அளவில். முடிவிலி காட்டினால் நீங்கள் இரவு முழுக்கச் சூடாக்கியது நிலத்தைத்தான். வயர் அறுவது பெரும்பாலும் பம்பருக்குக் கீழே, பிளக் தொங்குகிற இடத்தில்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை: சூடு போதாது, சுற்றல் போதாது, அல்லது எஞ்சின் தேய்ந்து கொம்பிறெஷன் இல்லை. புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. டிபிஎப் (புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி) பூட்டிய ட்ரக்கில் புகை உள்ளேயே தங்கிவிடும் என்பதால் பத்து, பதினைந்து விநாடி சுற்றிய பிறகே இதைப் பார்த்து முடிவெடுக்கலாம். முப்பது விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி.

இனி டீசலுக்கு வருவோம். குளிரில் டீசல் உறைகிறது என்று சொல்வோம், ஆனால் தண்ணீர் மாதிரி உறைவதில்லை. மார்கழி விடியலில் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நினையுங்கள். முதலில் அடியில் ஒரு கலங்கல், பிறகு வெள்ளை வெள்ளையாய்த் திரள், கடைசியில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்போம். டீசலிலும் கரைந்த மெழுகு இருக்கிறது. முதல் கலங்கல் தெரிகிற வெப்பநிலைக்குக் கிளவுட் பொயின்ற் என்று பெயர். கோடையில் விற்கிற டீசலில் அது மைனஸ் 5, மைனஸ் 10 அளவிலேயே வந்துவிடலாம். தாங்கியில் டீசல் இன்னும் ஓடுகிற பதத்தில் இருக்கும்; பில்ரர் தாளில் மெழுகு படிந்து வழி அடைபடும். அதனால்தான் எஞ்சின் நன்றாக ஸ்ராட் எடுத்து, பில்ரருக்குள் இருந்த டீசல் முடிய நின்றுவிடுகிறது. அல்லது 401 நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடத்தில் இழுவை இல்லாமல் போகிறது. "ஸ்ராட் எடுத்ததே, எப்படி டீசல் பழுதாகும்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

எங்கள் ஆட்கள் அதிகமாக மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. கனடாவில் குளிர்காலத்தில் விற்கிற டீசலை அந்தந்தப் பிரதேசத்துக் குளிருக்கு ஏற்பத்தான் கலந்து விடுகிறார்கள். ஆனால் லறேடோவில் லோட் இறக்கி, ரெக்சாசில் விலை மலிவென்று இரண்டு 125 கலன் தாங்கியையும் வாய்வரை நிரப்பிக்கொண்டு வருகிறவர், 900 லீற்றருக்கு மேல் ரெக்சாஸ் டீசலை மைனஸ் 25-க்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஓடும்போது தெரியாது. எஞ்சினிலிருந்து திரும்பிவருகிற சூடான டீசல் தாங்கியைக் காப்பாற்றும். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் புட்டும் சாப்பிட்டுப் படுத்தால், விடியத் தேங்காய் எண்ணெய்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? மண்ணெண்ணெய்! நம்பர் 1 டீசல் என்று இங்கே பெயர் மாற்றி விற்பது ஏறத்தாழ அதைத்தான். மெழுகு மிகக் குறைவு, மைனஸ் 40-க்கு அண்மை வரை தெளிவாகவே நிற்கும். பத்து வீதம் கலந்தால் கிளவுட் பொயின்ற் ஏறக்குறைய 2 பாகை இறங்கும். வழமையாக 30 வீதம், கொடுங்குளிருக்குப் பாதிக்குப் பாதி. எந்த எண்ணெயை வேறு வழியில்லாமல் எஞ்சினுக்குள் விட்டோமோ, அதையே இங்கே நிறுவனங்கள் கூடின காசு கொடுத்துக் கலக்கின்றன. ஊருக்கு எடுத்து இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

சில நிபந்தனைகள். டீசல் இன்னும் தெளிவாக இருக்கும்போதே கலக்க வேண்டும். நம்பர் 1-ஐ முதலில் விட்டு, மேலே நம்பர் 2-ஐ, அதாவது வழமையான டீசலை, அடித்தால் தானாகக் கலக்கும். நம்பர் 1-இல் வழவழப்புக் குறைவு, மைலேஜும் குறையும். வீட்டு ஹீற்றருக்கு விற்கிற மண்ணெண்ணெயை வாங்கி ஊற்றாதீர்கள். அதில் கந்தகம் 15 பிபிஎம்முக்கு மேலே இருக்கலாம், டிபிஎப் தாங்காது. சாயம் போட்டதாக இருந்தால் வீதிச் சோதனையில் தண்டமும் உண்டு.

வெள்ளைப் போத்தல், சிவப்புப் போத்தல் என்று இரண்டு மருந்தும் ட்ரக் நிலையங்களில் கிடைக்கும். வெள்ளை முற்காப்பு, உறையுமுன் ஊற்றுவது. சிவப்பு உறைந்த பின். சிவப்பைத் தாங்கிக்குள் மட்டும் ஊற்றிவிட்டு அற்புதத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அடைபட்ட பில்ரரைக் கழற்றி, புதியதுக்குள்ளும் மருந்து போனால்தான் பயன் (எந்தப் பில்ரருக்குள் மேலே இருந்து ஊற்றக் கூடாது என்பது கீழே வரும்). வெயில் ஏறி வெப்பநிலை கிளவுட் பொயின்ற்றைத் தாண்டினாலும் திரண்ட மெழுகு உடனே கரையாது. சூடான கராஜுக்குள் சில மணி நேரம் நிற்க வேண்டும். கழற்றிய பில்ரரைப் பாருங்கள். வழுவழுவென்று வெள்ளைப் பசை என்றால் மெழுகு. கடித்தால் நொறுங்கும் போலக் கட்டியாய் இருந்தால் ஐஸ், அதாவது தண்ணீர். தண்ணீர் பிரிப்பானைத் தினமும் வடிக்காததன் கூலி.

குளிர் சுமாராக இருக்கும் நாளில், இரவு நின்ற பிறகு மட்டும் அடம்பிடித்து, பகல் முழுக்க ஒழுங்காக ஸ்ராட் எடுத்தால் காற்றைச் சந்தேகியுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் றப்பர் வளையம் குளிரில் இறுகிச் சுருங்கினால் காற்று உள்ளே போகும், ஆனால் ஒரு சொட்டு டீசலும் வெளியே வராது. நிலத்தில் கறை தேடிப் பயனில்லை. பில்ரருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் தெளிந்த குழாய் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் அகப்பட்டது. பழைய பில்ரரின் வளையம் ஒட்டிக்கொண்டு நிற்க, புதியது அதற்கு மேலே ஏறிய கதையும் அடிக்கடி.

கண்ணாடிக் கிண்ணம் உள்ள பில்ரரில் டீசல் பாதிக்குக் கீழே நிற்பதைப் பார்த்துப் பதறவேண்டாம், அதுதான் நல்ல குணம். பில்ரர் அடைபட அடைபட மட்டம் மேலே ஏறும். உச்சியைத் தொட்டால் மாற்றுங்கள். வக்கியூம் மீற்றர் இருந்தால் புதிய பில்ரரில் 6 அங்குல மேர்க்குரிக்குள். 10-ஐத் தாண்டினால் எங்கோ அடைப்பு.

பில்ரர் மாற்றும்போது ஊர்க் கை இன்னொரு தரம் காட்டிக்கொடுக்கும். லேலண்டிலும் இசுசுவிலும் பில்ரரைக் கானில் இருந்து நிரப்பிப் பூட்டி, இன்ஜெக்ரர் நட்டைத் தளர்த்தி, நுரை போய் டீசல் வரும்வரை சுற்றுவோம். எல்லா இன்ஜெக்ரருக்கும் ஒரே உயர் அமுக்கக் குழாயிலிருந்து (அதுதான் ரெயில்) டீசல் போகிற கொமன் ரெயில் எஞ்சினில் இரண்டும் குற்றம். இரண்டாம் பில்ரருக்குள் மேலே இருந்து ஊற்றிய டீசல் வடிபடாமல் நேரே பம்புக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், இன்ஜெக்ரர் போய்விடும். வெறுமனே பூட்டி, கைப்பம்பால் இறுகும்வரை அடியுங்கள். மின் பம்ப் என்றால் சாவியை ஒன் நிலையில் அரை நிமிடம் விட்டு நிறுத்துங்கள், மூன்று நான்கு தரம். ஓடுகிற எஞ்சினில் உயர் அமுக்கக் குழாயைத் தொடவே கூடாது. 2000 பார் அளவு அமுக்கம் கையுறையோடு தோலைத் துளைக்கும். ஊசி குத்தின மாதிரித்தான் இருக்கும். நோவில்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பில்ரர்வரை டீசல் சுத்தமாக வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் ஸ்கானரில் ரெயில் அமுக்கம் பாருங்கள். சுற்றும்போது 200, 300 பார் அளவைத் தொடாவிட்டால் பெரும்பாலான எஞ்சின்கள் இன்ஜெக்ரரைத் திறக்காது. ரெயிலில் கூடின அமுக்கத்தை வெளியே விடுகிற றிலீப் வால்வின் திரும்பு குழாயைக் கழற்றிச் சுற்றினால் அது காய்ந்தே இருக்க வேண்டும். ஒழுகினால் வால்வு. காய்ந்திருந்தால் இன்ஜெக்ரர் கசிவோ பம்போ, அதற்கு மேல் கராஜ் வேலை.

குளிர்காலம் முழுக்க இரண்டு செற் பில்ரர், பட்டிச் சாவி, சிவப்புப் போத்தல் ஒன்று, நைற்றில் கையுறை ஒரு பெட்டி ட்ரக்கில் இருக்கட்டும். மைனஸ் 30 டீசல் வெறுங்கையில் பட்டால் அந்த இடம் உடனே குளிர்ப்புண். மேலே போடுகிற தடித்த கையுறையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோய் ஹீற்றர் துவாரத்தில் காயப்போடாதீர்கள். அதில் நம்பர் 1 ஊறியிருக்கும். அரை மணியில் வீடு முழுக்க ஜாம் போத்தல் மண்ணெண்ணெய் விளக்கு மணக்கும், அறைக்குள் இருந்து அம்மா கேட்பா, "ஆர் பிள்ளை, கரண்ட் நிண்டிட்டுதோ?"