தேரூர் குளத்து இலைக்கோழி

போன தை மாதம் பத்து நாள் நாகர்கோவிலில் அக்கா வீட்டில் இருந்தேன். அப்பா இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை போனைத் தள்ளிக்கொண்டே கிடப்பேன். டாக்டரிடம் காட்டி மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன். "இங்க வந்து கொஞ்ச நாள் இருடி" என்று அக்கா கூப்பிட்டாள். லீவு போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

வந்த மறுநாளே எல்லாரையும் போல கன்னியாகுமரிக்குப் போய் சூரிய உதயம் பார்த்தேன். நல்ல கூட்டம். 133 அடி வள்ளுவர், விவேகானந்தர் பாறை, ரெண்டுக்கும் நடுவில் 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் நாற்பத்தோரு படம் இருந்தது. சூரியன் கடலை விட்டு மேலே வந்த அந்த நொடியில் வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று அக்கா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தைத் திறந்து பார்த்துத்தான் சொன்னேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் மாமனார், "நாளைக்கு என்கூட குளத்துக்கு வா மக்களே" என்றார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேரூர் குளத்துக்குப் போவது அவருக்குப் பல வருஷத்துப் பழக்கம்.

தேரூர் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். குளத்தைச் சுற்றி வயலும் தென்னையும். கும்பப்பூ நெல் கதிர் சாய்ந்து அறுவடைக்கு நின்றது. வடக்கே மலை வரிசை, அதன் மேல் மூடுபனி. மேற்கே கோதையாற்றை மறித்து 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் கால்வாயாக வந்து இந்தப் பக்கத்துக் குளங்களை நிரப்புகிறது என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சேர்த்து 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏற்றினார்கள். குளிர்காலத்தில் தூர தேசங்களில் இருந்து பறவைகள் வந்து இறங்கும் இடம்.

கரையில் ஒரு கல்லைத் துடைத்துவிட்டு "இரி" என்றார். பைனாகுலரைக் கொடுத்தார். நானும் வாங்கி இந்தப் பக்கம் கூழைக்கடா, அந்தப் பக்கம் நாமக்கோழி, மேலே மீசை ஆலா என்று வேகவேகமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் மாமா அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் தேடாத மக்களே. ஒண்ணைப் பிடி. அது என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டே இரி. அது பறந்து போனா வேற ஒண்ணு."

கரைக்குப் பக்கத்திலேயே தாமரை இலை மேல் ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. நீளவால் இலைக்கோழி, ஊர்க்காரர்கள் தாமரைக்கோழி என்கிறார்கள். பெயர் அப்படியே தவிர அப்போது நீள வால் இல்லை. முட்டையிடும் காலத்தில் மட்டும்தான் அது வளருமாம். மேலே காய்ந்த தேங்காய் மட்டை நிறம். கழுத்தோரம் வெளிறிய மஞ்சள் பட்டை, மார்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. சரி, பார்த்தாயிற்று, இனி என்ன என்றுதான் எனக்கு இருந்தது. மாமா வாயே திறக்கவில்லை. அதனால் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் கால் கண்ணில் பட்டது. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் விரல்கள், குச்சி குச்சியாக. ஒவ்வொரு அடிக்கும் அந்த விரல்கள் முதலில் சுருங்கி, அப்புறம் இலை மேல் விரிகின்றன. இலை கொஞ்சம் தாழ்கிறது. விளிம்பில் தண்ணீர் நூலாக உள்ளே வருகிறது. பறவை அடுத்த இலைக்குக் காலை மாற்றியதும் இந்த இலை மெல்ல எழும்புகிறது. உள்ளே வந்த தண்ணீர் உருண்டு ரெண்டு மூன்று முத்தாகி, நடுப்பள்ளத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே முத்தாக நிற்கிறது. அடுத்த இலையிலும் அதே போல. அதற்கு அடுத்ததிலும். எத்தனை இலை என்று எண்ணத் தொடங்கினேன். நடுவில் ஆபீஸ் ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது, கணக்கு விட்டுப்போனது. மறுபடி காலுக்கு வந்தேன். மறுபடி விட்டது, மறுபடி வந்தேன்.

பதினேழாவது இலையில் அது எழும்பிப் பறந்தது. அத்தனை நேரம் மட்டை நிறத்தில் இருந்த பறவை, சிறகை விரித்ததும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். மாமா கைக்கடிகாரத்தைக் காட்டினார். முப்பத்தைந்து நிமிஷம். ஏழு மாதத்தில் அவ்வளவு நேரம் நான் போனைத் தொடாமல் இருந்ததில்லை. தோள்பட்டை இறங்கி, மூச்சு தானாக அடிவயிறு வரை போய்க்கொண்டிருந்தது. அதற்கென்று நான் எதுவும் செய்யவில்லை.

அன்றைக்கு ராத்திரி புட்டும் பயறும் மட்டிப்பழமும் சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம் இதைச் சொன்னேன். அக்கா நர்ஸ். படிக்கும் காலத்தில் வகுப்பில் கேட்ட ஒரு ஆய்வைச் சொன்னாள். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த 46 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். 23 பேர் படுத்திருந்த அறையில் ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். மற்ற 23 பேருக்கு ஒரு செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னாடியே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது.

எனக்குப் புட்டு தொண்டையில் நின்றுவிட்டது. அப்பா நாலு மாதம் படுத்திருந்த கட்டிலுக்கு நேராகவும் சுவர்தான். பக்கத்துக் கட்டடத்தின் பின்பக்கம், குழாய்கள் இறங்கும் இடம். அந்தக் குழாய் இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அப்பா காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பார். "இன்னைக்கு ஒண்ணு கூடியிருக்கு" என்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மெயில் பார்த்துக்கொண்டே "அப்படியாப்பா" என்பேன். ஒரு தடவை "ஏழு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. நிமிர்ந்து அந்தக் கன்றை நான் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

அன்றைக்கு நன்றாக அழுதேன். அக்காவும் அழுதாள். அதற்கப்புறம் தூங்கினேன்.

மீதி நாளெல்லாம் காலையில் குளம்தான். நடுவில் ஒரு நாள் அக்காவுக்கு ஓய்வு கிடைத்தது, ரெண்டு பேரும் கீரிப்பாறைக்குப் போனோம். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். பச்சையாக இருக்க வேண்டிய தோட்டம் முழுக்கச் செம்புநிறமாக இருந்தது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் பால் இல்லை, வெட்டுத் தடத்தில் ஒட்டுப்பால் மட்டும் கயிறு போலக் காய்ந்து தொங்கியது. ஜப்பானில் 1982-ல் அரசாங்கமே 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்து மக்களைக் காட்டுக்குள் மெதுவாக நடக்கச் சொன்னதாம், அக்கா சொன்னாள். நாங்கள் நடக்கக்கூட இல்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு இலை காம்பை விட்டதில் இருந்து தரையைத் தொடும் வரை கண்ணாலேயே கூடப் போவது, அப்புறம் அடுத்த இலை. காய்ந்த சருகு மேல் விழும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கிறது. அது முதலில் கேட்கவில்லை, பத்துப் பதினைந்து இலைக்கு அப்புறம்தான் காது திறந்தது.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு காலையை மட்டும் தேரூருக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பறவைப் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஆறு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் கண் கூசும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு கரையோரம் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் சலிப்பாகத்தான் இருக்கும், எழுந்துவிடாதீர்கள்.

கிளம்பும் நாள் சாயங்கால ரயில். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகள் சுற்றுவதை இருட்டும் வரை பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் மதுரைக்கு, அம்மாவுக்கு போன் போட்டேன்.

"கடல் பாத்தியா?"

"பாத்தேன்மா. ஒரு பறவையோட காலைப் பாத்தேன்" என்று தாமரை இலைக் கதை முழுவதும் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அதோடு அப்பாவின் அரசங்கன்றையும் சொன்னேன், ஏழு இலை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று.

"பதினொண்ணு" என்றாள் அம்மா. "கடைசியா எங்கிட்ட பதினொண்ணுன்னு சொன்னாரு. பன்னெண்டாவது சுருட்டிக்கிட்டு நிக்குது, நாளைக்கு விரிஞ்சிரும்னாரு."